சிரம்பான் மாமியின் கோஷ்டி

ஹெவ்லொக் டவுனில் ஒரு காலத்தில் மலாயா பென்சன்காரர் இல்லாத ஒழுங்கையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் இங்கிலிஷ் படித்த பெடியன்கள் போன நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கப்பலேறி மலாயாவுக்குப் போனார்கள். ரெயில்வே, தபால் கந்தோர், ஆஸ்பத்திரி, திறைசேரி என்று வெள்ளைக்காரன் எங்கெல்லாம் பேரேடு வைத்திருந்தானோ அங்கெல்லாம் எங்களுடைய ஆள் ஒருவர் கிளாக்கராக உட்கார்ந்திருந்தார். பென்சன் எடுத்ததும் சிலர் ஊருக்குத் திரும்பினார்கள். சிலர் பிள்ளைகளின் படிப்பைச் சாட்டிக் கொழும்பில் வீடு வாங்கினார்கள். அவர்களுக்கும் அங்கே பிறந்து வளர்ந்த அவர்களின் பிள்ளைகளுக்கும் எங்கள் சனம் மலாயா ஊரின் பெயரையே பெயராக வைத்துவிடும். ஈப்போ மாமா, தைப்பிங் மாமி, கிள்ளான் பெரியம்மா. சொந்தப் பெயர் என்னவென்று மரண அறிவித்தலில்தான் தெரியவரும்.

நாங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸ் சிரம்பான் மாமியின் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது நாங்களும் நடந்தவர்கள். சாவகச்சேரி, கிளிநொச்சி, வவுனியா என்று இடறி இடறிக் கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. வீடு பார்க்கப் போன அன்று மாமி அட்வான்ஸைப் பற்றிக் கதைக்கவில்லை. பொலிஸில் பதிந்த துண்டு இருக்கிறதா என்றுதான் கேட்டார். இருந்தது. அப்படியென்றால் இண்டைக்கே சாமானைக் கொண்டுவாங்கோ என்றார். எங்களிடம் சாமான் என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்பதை அவர் கண்டுகொண்டாரோ என்னவோ, பின்னேரம் இரண்டு கட்டிலும் ஒரு மேசையும் தானாகவே வந்து சேர்ந்தன.

மாமிக்கு அப்போது எழுபது. காலையில் ஹெவ்லொக் பார்க் வரை நடந்துவிட்டு வருவார். எழுபது வயதுக்காரியின் நடை இல்லை அது. குதிக்கால் முதலில் தரையில் இறங்கும், கை முழங்கை மடியாமல் பின்னே போய் முன்னே வரும். அம்மா ஒருநாள் குசினி யன்னலால் பார்த்துவிட்டு, "உது ஆமி நடையெல்லோ?" என்றார். அந்தச் சொல்லை அந்த நாட்களில் அம்மா குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

அம்மாவின் கணிப்புச் சரி. சிரம்பான் மாமி பதினேழு வயதில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். 1942 பெப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அங்கு வந்து ஐ.என்.ஏ. என்ற இந்திய தேசிய இராணுவத்தைப் பொறுப்பெடுத்தார். வந்த கையோடு பெண்களுக்கும் ஒரு படை வேண்டும் என்றார். சிங்கப்பூரில் டொக்டராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைவியானார். ஒக்டோபர் 22 அன்று வாட்டர்லூ வீதியில் முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் றப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். பலர் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களோடு, இந்தியாவுக்கு எந்த வழியிலும் சொந்தம் கொண்டாட முடியாத யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் மகள்மாரும் சிலர் இருந்தார்கள். பின்னாளில் மலேசியாவில் ஆசிரியையாக இருந்து, பெண் ஆசிரியர்களுக்குச் சம சம்பளம் கேட்டுப் போராடிப் பெயரெடுத்த ராசம்மா பூபாலன் அப்படியொரு குடும்பத்துப் பிள்ளைதான். சகோதரியோடு சேர்ந்து படைக்குப் போனவர்.

ஏன் போனீர்கள் என்று கேட்டால் மாமியிடம் இரண்டு பதில் இருந்தது. மேடைக்கு ஒன்று, விறாந்தைக்கு ஒன்று. மேடைப் பதில் நேதாஜி போஸ். அந்தக் கண்ணாடி, அந்தக் குரல், மழையிலும் கலையாத சனம். விறாந்தைப் பதிலை மாமி கீரை ஆய்ந்துகொண்டு சொன்னார்: "குமர்ப்பிள்ளையை வீட்டிலை வைச்சுக்கொண்டு அப்பா நித்திரை கொள்ளேல்லை, பிள்ளை. ஜப்பான்காரன் எந்த நேரம் எந்த வீட்டுக்கு வருவான் எண்டு தெரியாது. ஐ.என்.ஏ. உடுப்புப் போட்டால் தொடமாட்டான் எண்டு கதை. வீட்டிலை மூண்டு நேரமும் மரவள்ளி. அங்கை போனால் சோறு." அவருடைய அண்ணரும் இலங்கைக்காரருக்கென்று அமைத்த லங்கா யூனிட்டில் பெயர் கொடுத்தாராம். அதற்கும் காரணம் இதுபோலத்தான். சயாமுக்குத் தண்டவாளம் போட ஆள் பிடித்த காலம் அது. பர்மாவை நோக்கி 415 கிலோமீற்றர் போட்ட அந்த ரெயில் பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். சீருடை போட்டவனைப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்று தகப்பன் கணக்குப் போட்டிருக்கிறார்.

அந்த வயதில் எனக்கு இந்த இரண்டாவது பதில் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. எங்கள் ஊரிலும் பள்ளிக்கூடப் பையை வைத்துவிட்டுப் போன பெட்டைகள் இருந்தார்கள். அவர்களைப் பற்றியும் மேடையில் ஒரு கதை, அடுப்படியில் வேறு கதை. இரண்டும் உண்மைதான். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க முடியாது.

1997 ஜனவரி 23 நேதாஜியின் நூற்றாண்டு. அதே ஆண்டு ஓகஸ்டில் இந்திய சுதந்திரத்துக்குப் பொன்விழா. வெள்ளவத்தைப் பக்கத்துப் பெரியவர்கள் சிலருக்கு இரண்டையும் சேர்த்து ஒரு சின்ன விழா வைக்கலாம் என்று தோன்றியது. கொழும்பில் பேச்சாளருக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. பாட்டுக்குத்தான் ஆள் இல்லை. யாரோ மாமியைப் பற்றிச் சொல்லிவிட, ஒரு சனிக்கிழமை பின்னேரம் வேட்டி கட்டிய இரண்டு பேர் கேற்றில் வந்து நின்றார்கள். மாமி யோசிக்கவே இல்லை. "பாடலாம். ஆனால் தனியப் பாடுற பாட்டு இல்லை அது" என்றார்.

கோஷ்டி அப்படித்தான் சேர்ந்தது. முதலில் தைப்பிங் மாமி. ஜப்பான் காலத்தில் பத்துப் பன்னிரண்டு வயது, பால சேனையில் கொடி பிடித்தவர். பாட்டுகளில் பாதிதான் ஞாபகம், ஆனால் அந்தப் பாதியைப் பிசகாமல் பாடுவார். பிறகு நாங்கள் மில் அன்ரி என்று கூப்பிடும் பாலக்காட்டுக்காரி. வெள்ளவத்தை நெசவாலையில் ஒரு காலத்தில் மலையாளத்தார் நிறையப் பேர் வேலை செய்தார்கள், அவருடைய கணவர் அதில் ஒருவர். அவர் மலாயாவே பார்த்ததில்லை. 1945 கடைசியில் டில்லிச் செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகளை விசாரணைக் கூண்டில் ஏற்றியபோது இந்தியா முழுக்க அந்தப் பாட்டுகள் தெருத் தெருவாகப் பரவின. பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குத் தெரியாமல் பாடிப் பழகியவர் அவர். நானும் அடுத்த ஒழுங்கைப் பெட்டை ஒருத்தியும் மூச்சுக்கு. கிழவிகளுக்கு மூச்சு முட்டும் இடங்களில் நாங்கள் நிரப்பவேண்டும். அவ்வளவுதான் எங்களுக்கு வேலை.

ஆர்மோனியத்துக்கு ஓர் ஐயா வந்தார். கஸ்டம்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை ஜப்பான் விமானங்கள் கொழும்புத் துறைமுகத்துக்குக் குண்டு போட வந்தபோது அவர் இருபது வயது இளந்தாரி, அந்தப் பக்கத்தில்தான் நின்றாராம். முதல் நாளே பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "என்ர தலையிலை குண்டு போட வந்தவையின்ர பாட்டுக்கு நான் வாசிக்கிறன். பாத்துக்கொள்ளுங்கோ."

"போட்டது ஜப்பான்காரன். நாங்கள் இல்லை."

"ஒரே லொறியிலை வந்தனீங்கள்தானே."

இது ஒவ்வொரு ஒத்திகையிலும் ஏதோவொரு வடிவத்தில் நடக்கும். மாமி தேத்தண்ணி ஊற்றும்போது அவருடைய கோப்பையில் மட்டும் சீனி குறைந்திருக்கும்.

சங்கீத ரீச்சர் ஒருவரையும் பிடித்திருந்தார்கள். வயது முப்பதுக்குள், நல்ல ஞானம். அவரிடம் சென்னை இளைஞர் இசைக்குழுவின் கசெற் ஒன்று இருந்தது. எம். பி. சீனிவாசன் 1971 இல் தொடங்கிய குழு அது. பல குரல்கள் வேறு வேறு வரியில் போய் ஒன்றாகச் சேர்வதைத் தமிழில் கேட்கச் செய்தவர் எம்.பி.எஸ். ரீச்சருக்கு அதே மாதிரிச் செய்து பார்க்க ஆசை. மேல்வரி பெட்டைகளுக்கு, கீழ்வரி மாமிமாருக்கு என்று ஸ்வரம் எழுதிக் கொடுத்தார். இரண்டாவது அடி முடிவதற்குள் எல்லாக் கிழவிகளும் மேல்வரியில் நின்றார்கள். திரும்பத் தொடங்கினால் நாங்கள் கீழே விழுந்திருந்தோம். கடைசியில் ரீச்சர் கொப்பியை மூடிவிட்டு, "எல்லாரும் ஒரே வரியைப் பாடுங்கோ" என்றார். ஆனால் கை சும்மா இருக்குமா? அடி முடிவில் ஒரு சின்னச் சங்கதி போட்டார். சிரம்பான் மாமி உடனே நிறுத்தினார்.

"உதெல்லாம் வேண்டாம், பிள்ளை. அந்தச் சங்கதி முடியுமட்டும் ஆற்றை கால் அந்தரத்திலை நிக்கிறது?"

இந்தக் கேள்வி எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. 'கதம் கதம் படாயே ஜா' என்ற அந்தப் பாட்டு, ராம் சிங் தாக்கூரி என்ற கூர்க்கா இசைக்காரர் படைக்காக மெட்டமைத்தது. போஸ் அவருக்கு வயலின் ஒன்று பரிசளித்தார் என்பார்கள். பின்னர் லக்னோவில் வாழ்ந்து 2002 இல் இறந்தார். இன்றைக்கும் இந்திய இராணுவம் அதற்கு அணிநடை போடுகிறது. உட்கார்ந்து கேட்டால் மெட்டில் பெரிதாக ஒன்றுமில்லை, நேர் நேரான ஸ்வரங்கள், ஒரு தடவை கேட்டால் பிடிபட்டுவிடும். மாமி எங்களை உட்கார்ந்து பாட விடவில்லை. கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு விறாந்தையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க வைத்தார். இடது கால் எந்த எழுத்தில் விழவேண்டும், மூச்சு எத்தனையாவது அடியில் எடுக்கவேண்டும், திரும்பும்போது பாட்டு நிற்காமல் கால் மட்டும் எப்படி மாறவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நடந்தபோதுதான் மெட்டு ஏன் இவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று விளங்கியது. மிச்ச இடம் காலுக்கு. சீமெந்துத் தரையில் அவருடைய குதிக்கால் விழும் சத்தம்தான் எங்களுக்குத் தாளம். ஆர்மோனிய ஐயா எப்போதும் அரை அடி பின்னால். "பிரிட்டிஷ் பக்கத்து ஆள், மெதுவாய்த்தான் வருவார்" என்பார் மாமி.

வரிகளை மாமி ஒரு சீ.ஆர். கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். முகாமில் ஹிந்துஸ்தானியை இங்கிலிஷ் எழுத்தில் எழுதித்தான் படிப்பித்தார்கள். தமிழரும் பஞ்சாபியரும் வங்காளியரும் ஒரே தாளைப் பார்த்துப் பாடவேண்டுமே. அந்தப் பழைய கொப்பி இல்லை. 1945 செப்டெம்பரில் பிரிட்டிஷ்காரர் திரும்பி வருகிறார்கள் என்றதும் மாமியின் தாயார் சீருடை, தொப்பி, கொப்பி எல்லாவற்றையும் அடுப்பில் வைத்துவிட்டார். போஸ் சிங்கப்பூர்க் கடற்கரையில் அந்த ஜூலையில்தான் அடிக்கல் வைத்த ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்தையும் வந்தவர்கள் மவுண்ட்பேட்டனின் உத்தரவில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மாமி பிறகு ஞாபகத்திலிருந்து எழுதியதுதான் இந்தக் கொப்பி. அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா எழும்பி உள்ளே போனார். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட முன்னர் எங்கள் வீட்டு அடுப்பிலும் சில கசெற்றுகள் எரிந்தன. பிளாஸ்ரிக் புகை கண்ணை எரித்தது எனக்கு ஞாபகம் இருந்தது.

மாமி சொன்ன இன்னொன்றையும் எழுதவேண்டும். முகாமில் நல்லாய்ப் பாடியது தாங்கள் இல்லை என்பார். காஜாங் பக்கத்துத் தோட்டத்துப் பெட்டை ஒருத்தி இருந்தாளாம். ஒரு எழுத்தும் தெரியாது, ஒருக்கால் கேட்டால் போதும். இரவில் விளக்கு அணைத்த பிறகு அதே மெட்டைக் கும்மி நடையில் வளைத்து, தமிழில் தன்பாட்டுக்குச் சொல் போட்டுப் பாடுவாளாம். கங்காணியும் வருவான், தோட்டத்துத் துரையும் வருவான் அந்தப் பாட்டில். "அதுதான் பாட்டு. நாங்கள் படிச்சவையெண்டு சொல்லி எழுதினதைப் பாடினம்." அந்தப் பெட்டைக்கு என்ன நடந்தது என்று மாமிக்குத் தெரியாது. அவளைப் போன்றவர்களுக்குப் பென்சனும் இல்லை, கொழும்பில் வீடும் இல்லை. எங்கள் கோஷ்டியில் அந்தக் குரல் இல்லை என்பது எனக்குக் குறையாகவே பட்டது, படுகிறது.

மாமிக்குத் துவக்குப் பயிற்சியும் இருந்தது. "சுட்டனீங்களோ?" என்று நாங்கள் கண்ணை விரித்துக் கேட்டால், "சுட்டனான், மரத்தை" என்பார். பர்மாவுக்குப் போன அணியில் அவர் இல்லை. போகவில்லையே என்று கவலையா, தப்பினேன் என்று ஆறுதலா என்று அவருடைய முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஒத்திகை நடந்த காலத்தைச் சொல்லாமல் இதெல்லாம் விளங்காது. 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கிக் குண்டு. ஜூலையில் தெஹிவளை ரெயில் குண்டு. 1997 மே 13 அன்று வன்னியில் ஜயசிக்குறுய் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஹெவ்லொக் வீதியில் பஸ் நின்றால் அடையாள அட்டை கையில் இருக்கவேண்டும். தமிழ் வீடுகளில் யார் யார் படுக்கிறார்கள் என்ற பட்டியல் பொலிஸில் இருக்கவேண்டும். இந்தச் சீரில் ஒரு தமிழ் வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பேர் கால் அடித்து அணிநடைப் பாட்டுப் பாடுகிறார்கள். பக்கத்து வீட்டு அங்கிள் மதிலால் எட்டிப் பார்த்து, "என்ன பாஷையெண்டு ஆருக்குத் தெரியப்போகுது? ட்ரெயினிங் குடுக்கிற மாதிரியெல்லோ கேக்குது" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. அதற்குப் பிறகு யன்னல்களைச் சாத்திக்கொண்டு பாடினோம். ஜூன் மாதத்துப் புழுக்கத்தில் ஒரே ஒரு காற்றாடி, அதுவும் ஆர்மோனிய ஐயாவின் பக்கம் திரும்பியிருக்கும்.

ஒருநாள் பதிவு பார்க்க வந்த பொலிஸ்காரர் இருவரில் ஒருவர், முன்வீட்டில் என்ன சத்தம் என்று அம்மாவிடம் சிங்களத்தில் கேட்டார். அம்மாவுக்குச் சிங்களம் பத்துச் சொல். "ஹிந்தி ஃபில்ம் சிந்து" என்றார். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பட்டியலில் எங்கள் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஐ.என்.ஏ. கதையை வைத்து 1950 இல் வந்த 'சமாதி' படத்தில் சி. ராமச்சந்திரா அந்தப் பாட்டை எடுத்தாண்டிருந்தார். அசோக் குமார் நடித்த படம். எங்கள் ரேடியோ சிலோன் ஹிந்திச் சேவையின் பொற்காலம் அது, இந்தியா முழுக்கக் கொழும்பைத்தான் திருப்பி வைத்துக் கேட்டது. ஆர்மோனிய ஐயா இதில் ஒரு வேடிக்கை காட்டினார். ரேடியோ சிலோனுக்கு அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? போர்க்காலத்தில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டியில் இருந்தபோது, தன் படைகளுக்காகக் கொழும்பில் நடத்திய வானொலி ரேடியோ சீக். போர் முடிந்து, 1949 இல் அந்தக் கருவிகள் இலங்கை அரசிடம் வந்தன. ஐ.என்.ஏ.யை எதிர்த்துச் சண்டை பிடித்த படைகளுக்குப் பாட்டுப் போட்ட வானொலிதான் பிறகு ஹிந்திப் படப் பாட்டுகளை ஊரெல்லாம் கொண்டுபோனது. சிங்கப்பூரில் சின்னத்தைத் தகர்க்கச் சொன்ன அதே மனிதர் விட்டுப்போன சாமான்.

ஐயா அதோடு விடவில்லை. நாங்கள் குடியிருக்கும் இடத்தின் பெயரையும் எடுத்தார். ஹெவ்லொக் வீதியும் எலிபாங்க் வீதியும் ஒரே ஆளின் பெயரில் இருக்கின்றன: ஆர்தர் எலிபாங்க் ஹெவ்லொக், 1890 முதல் 1895 வரை இலங்கைத் தேசாதிபதி, பிறகு சென்னைக்கும் ஆளுநராகப் போனவர். அவருடைய சித்தப்பாதான் ஹென்றி ஹெவ்லொக், 1857 இல் கான்பூரிலும் லக்னோவிலும் கிளர்ச்சிக்காரரை அடக்கப் படை நடத்தியவர். அதே 1857 இல் எழும்பிய ஜான்சி ராணியின் பெயரில் போஸ் படை வைக்க, அந்தப் படைக்காரி சித்தப்பாவின் அண்ணன் மகனுடைய ஊரில் வந்து பாட்டுப் பழக்குகிறார். மாமி இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப சரியான இடத்திலைதான் நிக்கிறம்." (சித்தப்பாவின் பெயரில் அந்தமானில் ஒரு தீவே இருந்தது. 2018 டிசெம்பரில் இந்திய அரசு அதை ஸ்வராஜ் தீவு என்று மாற்றியது, போஸ் அந்தமானில் கொடியேற்றி 75 ஆண்டு ஆனதை ஒட்டி. எங்கள் ஹெவ்லொக்குக்கு ஒரு சேதாரமும் இல்லை, வீதி அப்படியே இருக்கிறது.)

நிகழ்ச்சியில் நான்கு பாட்டு என்று முடிவாகியிருந்தது. மூன்று ஹிந்துஸ்தானி, ஒன்று தமிழ். தமிழ்ப் பாட்டு பாரதியுடையது, விடுதலையைப் பற்றியது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கூட்டம் தொடங்கினால் பாரதி இல்லாமல் தொடங்காது என்று மாமி சொல்வார். எங்களுக்கும் அதுதான் நன்றாக வந்தது. சொல் விளங்கிப் பாடுகிறவர்களின் குரல் வேறு மாதிரித்தானே வரும். தைப்பிங் மாமி அதில் ஒரு சொல்லைக்கூட மறக்கவில்லை.

விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது வேட்டிக்காரர் இருவரும் திரும்ப வந்தார்கள். ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தோம். ஒத்திகையைக் கேட்டார்கள், கை தட்டினார்கள். பிறகு பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாரதியை இந்த முறை விடுவமே?" என்றார். மண்டபக்காரர் பயப்படுகிறார். யாராவது ஒருவன் வாசலில் நின்று கேட்டுவிட்டு, சுதந்திரம், அடிமை என்று தமிழில் பாடுகிறார்கள் என்று எங்காவது போய்ச் சொன்னால்? ஹிந்திப் பாட்டென்றால் பிரச்சினை இல்லை.

மாமி சிறிது நேரம் கதைக்கவில்லை. பிறகு கேட்டார்: "ஹிந்தியிலை எண்டால் நாங்கள் சண்டைக்கே போகலாம். தமிழிலை பாரதியாற்றை பாட்டுக்கூடப் பாடக்கூடாது. அப்படித்தானே, தம்பி?"

தம்பிக்கு அறுபது வயதிருக்கும். ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். அவர்கள் மீது எனக்கு அன்றும் கோபம் வரவில்லை, இன்றும் இல்லை. விழா முடிய எங்களுக்கு வீட்டுக்குப் போகவேண்டும், அவர்களுக்கு மறுநாள் பொலிஸுக்குப் பதில் சொல்லவேண்டி வரலாம். ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. வேறொருவருடைய போர், வேறொருவருடைய பாஷை, ஐம்பது வருடப் பழசு என்றால் வெள்ளைச் சேலை கட்டி மாலை போட்டுக் கொண்டாடலாம். அதில் செத்தவர்களுக்கு யாரும் பட்டியல் கேட்கமாட்டார்கள். எங்கள் தெருவில் நடந்துகொண்டிருக்கும் போரைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லாத, அது தொடங்குவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்னர் எழுதிய பாட்டுத்தான் ஆபத்தானது. வன்னியில் அதே மாதங்களில் பாட்டுகள் மெட்டமைத்துக்கொண்டுதான் இருந்தார்கள், அணிநடைப் பாட்டுகளும் அதில் இருந்தன. தெற்கில் ரூபவாஹினியில் இராணுவ வீரர்களைப் போற்றும் பாட்டுகள் போயின. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் யன்னலைச் சாத்திக்கொண்டு, 'டில்லி சலோ' என்ற போஸின் படையோடு ஹிந்துஸ்தானியில் டில்லிக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

பாரதி விடுபட்டார்.

விழா ஒரு ஞாயிறு பின்னேரம், வெள்ளவத்தையில். கதிரைகள் முக்கால்வாசி நிறைந்திருந்தன. பேச்சுகள் நீண்டன, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் மேடையேறியபோது சிரம்பான் மாமி கதிரைகளை எடுக்கச் சொன்னார். முதல் பாட்டு போஸின் தற்காலிக அரசின் கீதம். தாகூரின் 'ஜன கண மன' மெட்டிலேயே ஹிந்துஸ்தானியில் வேறு வரிகள் எழுதி ராம் சிங் இசையமைத்தது. இதை அறிவிப்பாளர் சொல்லத் தவறிவிட்டார். ஆர்மோனியத்தில் முதல் இரண்டு ஸ்வரம் வந்ததும் முன்வரிசையில் இருந்த இந்தியக்காரர் விறைப்பாக எழும்பி நின்றார். அவரைப் பார்த்து வரிசையே எழும்பியது, பிறகு மண்டபமே. சொற்கள் தொடங்கியதும் முகங்களில் குழப்பம். இது அந்தப் பாட்டா, இல்லையா? இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் நிற்பதைக் கண்டு திரும்ப எழும்பினார்கள். பாதிப் பேர் வாயசைக்கத் தொடங்கி, சொல் பொருந்தாமல் விட்டுவிட்டார்கள். மில் அன்ரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து ஓர் அடி முழுக்கப் பாடவில்லை. அந்த ஓட்டையை நிரப்பியது நானும் அடுத்த ஒழுங்கைப் பெட்டையும்தான்.

இரண்டாவது பாட்டில் தைப்பிங் மாமி பாதி வழியில் மறந்துபோய்க் கீதத்தின் வரியையே திரும்பப் பாடினார். ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாவது 'கதம் கதம்'. மேடை பலகை மேடை. மாமியின் குதிக்கால் அதில் விழுந்தபோது வீட்டுச் சீமெந்தில் வராத ஒரு முழக்கம் வந்தது. அவருக்கே அது புதிதாக இருந்திருக்கவேண்டும், வேகத்தைக் கூட்டிவிட்டார். ஆர்மோனிய ஐயா ஓடிப் பார்த்தார், முடியவில்லை, கடைசி அடியில் கையை எடுத்துவிட்டு அவரும் பாடத் தொடங்கினார். கிழவிகள் மூவரும் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டு, மூச்சு எங்கே எடுக்கவேண்டுமோ அங்கே எடுத்துக்கொண்டு, முகத்தில் வேறு ஒரு பாவமும் இல்லாமல் பாடினார்கள். பின்வரிசையில் யாரோ தாளத்துக்குக் கை தட்ட, பக்கத்தில் இருந்தவர் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தியதை நான் மேடையிலிருந்து கண்டேன்.

இறங்கியதும் வேட்டிக்காரர் பெரியவர் மாமியிடம் வந்து, "அந்தப் பாட்டையும் பாடியிருக்கலாம்போலை" என்றார். மாமி, "இனி ஆர் பாடுறது, மூச்சில்லை" என்றுவிட்டு வடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு கோஷ்டி கூடவில்லை. ஒக்டோபர் 15 அன்று உலக வர்த்தக மையத்துப் பக்கம் லொறிக் குண்டு வெடித்தது. பின்னேரங்களில் ஓர் இடத்தில் சனம் கூடுவதே நின்றுபோனது. மில் அன்ரி பாலக்காட்டுக்குப் போனார். அவருடைய கணவர் வேலை செய்த நெசவாலைக் காணியில் இப்போது ஹெவ்லொக் சிட்டி என்ற அடுக்குமாடிகள் நிற்கின்றன. ரீச்சர் மெல்பேர்னில் பிள்ளைகளுக்குச் சங்கதி படிப்பிக்கிறார், தாராளமாக. ஆர்மோனிய ஐயா கடைசிவரை கொழும்பில்தான் இருந்தார். சிரம்பான் மாமியை மகன் ஸ்காபரோவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். வீட்டை விற்று, அதிலும் பிளற்ஸ் வந்துவிட்டது.

மாமியோடு எப்போதாவது தொலைபேசியில் கதைப்பேன். எண்பது தாண்டியும் நடக்கிறார், குளிர்காலத்தில் மோலுக்குள் நடக்கிறார் என்று மகன் சொன்னார். யூரியூப் வந்த புதிதில் இந்தியக் குழு ஒன்று அந்தப் பாட்டைப் பாடியிருந்ததைக் கண்டுபிடித்தேன். பெரிய கோஷ்டி, வயலின்கள், நாலு குரலில் அடுக்கு. ரீச்சர் கனவு கண்ட மாதிரியே இருந்தது, அழகாகவும் இருந்தது. றிசீவரைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்து முழுப் பாட்டையும் மாமிக்குக் கேட்கச் செய்தேன். முடிந்ததும் எப்படி என்று கேட்டேன்.

"நல்லாய்ப் பாடீனம்" என்றார். பிறகு, "ஆனால் இந்த வேகத்திலை நடந்தால் டில்லிக்கு எப்ப, பிள்ளை, போய்ச் சேர்றது?"